ஹயலுரானிக் அமிலம்: சீரம், மாத்திரை, ஊசி... எது யாருக்கு?

கேள்வி: எனக்கு வயது 53. மாதவிடாய் நின்றதிலிருந்து முகமும் கைகளும் மிகவும் வறண்டு போகின்றன. ஹயலுரானிக் அமில சீரம் வாங்கிப் போடுகிறேன். போட்ட கொஞ்ச நேரத்திலேயே முகம் இழுத்துப் பிடிப்பதுபோல் ஆகிறது. படி இறங்கும்போது முழங்காலும் வலிக்கிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, மூட்டுத் தேய்மானம் ஆரம்பம் என்றார்கள். இதே அமிலத்தை மாத்திரையாகச் சாப்பிட்டால் தோல், மூட்டு இரண்டுமே சரியாகும் என்கிறாள் தங்கை. மூட்டுக்குள் ஊசியாகவும் போடுகிறார்களாம். நான் என்ன செய்யட்டும்?

பதில்: சீரத்தை நிறுத்த வேண்டாம், போடும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். மாத்திரைக்கு அவசரமே இல்லை. ஊசி இப்போதைக்குத் தேவைப்படாது. உங்கள் முழங்காலுக்கு இவை எல்லாவற்றையும்விட நல்லது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

ஹயலுரானிக் அமிலம் நம் உடம்பே தயாரிக்கும் பொருள்தான். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 15 கிராம் இருக்கும். அதில் பாதியளவு தோலிலேயே இருக்கிறது. மிச்சம் மூட்டுத் திரவத்திலும் கண்ணிலும் மற்ற திசுக்களிலும் பரவியிருக்கிறது. தினமும் மூன்றில் ஒரு பங்கு சிதைந்து, அந்த இடத்தில் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். அதனால், குறைந்ததை வெளியிலிருந்து ஊற்றி நிரப்பிவிடலாம் என்று கணக்குப் போட முடியாது. எந்த வழியாகக் கொடுக்கிறோம், அது எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

முதலில் தோல். நம் தோலில் இருக்கும் ஹயலுரானிக் அமிலத்தில் பெரும்பகுதி உள்ளடுக்கில் இருக்கிறது. சீரத்தில் இருப்பதோ பெரும்பாலும் நீளமான, பெரிய மூலக்கூறு. தோலின் மேல்படலத்தைத் தாண்டி அது உள்ளே போகாது. மேலேயே ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்து, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுவே பயனுள்ள வேலைதான். வறட்சியால் தெரியும் மெல்லிய கோடுகள்கூடக் கொஞ்ச நேரம் குறைந்தாற்போல் இருக்கும். ஆனால் பிடித்து வைக்கத் தண்ணீர் வேண்டுமே! காய்ந்த முகத்தில் சீரத்தை மட்டும் போட்டு, குளிரூட்டிய அறையில் போய் உட்கார்ந்தால், அந்தப் படலம் சீக்கிரமே உலர்ந்துவிடும். உங்களுக்கு முகம் இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

இனி இப்படிச் செய்து பாருங்கள். முகம் கழுவியதும் துண்டால் லேசாக ஒற்றுங்கள், அழுத்தித் துடைக்க வேண்டாம். தோல் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். அப்போதே இரண்டு மூன்று சொட்டுச் சீரத்தைப் பரப்பி, அது காய்வதற்குள் மேலே மாய்ஸ்சரைசர் போட்டுவிடுங்கள். செராமைடு (தோலில் இயல்பாகவே இருக்கும் ஒருவகைக் கொழுப்பு) கலந்தது, வாசனை சேர்க்காதது நல்லது. ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பது மாய்ஸ்சரைசர்தான், சீரம் அதற்கு உதவி மட்டுமே. சீரம் தீர்ந்துபோனால் திரும்ப வாங்கியே ஆக வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். கிளிசரின் சேர்ந்த சாதாரண மாய்ஸ்சரைசரும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் அதே வேலையை நன்றாகவே செய்யும். கைகளுக்கு யூரியா கலந்த க்ரீம், ராத்திரி படுக்கும் முன் மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. நீண்ட நேரம் வெந்நீரில் குளிக்கும் பழக்கம் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாறுங்கள்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் தோல் வறள்வது இயல்பு. ஆனால் வறட்சியோடு சோர்வு, மலச்சிக்கல், காரணமில்லாமல் எடை கூடுவது என்றெல்லாம் இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதிக தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சர்க்கரையும் பார்க்க வேண்டும். இவை இருந்தால் எந்த சீரமும் போதாது.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். விழுங்கும் ஹயலுரானிக் அமிலத்தின் பெரும்பகுதியைக் குடலில் உள்ள நுண்ணுயிர்களே உடைத்துவிடுகின்றன. அப்படியே முழுசாக முகத்துக்கோ முழங்காலுக்கோ போய்ச் சேருவதில்லை. தினம் 120 முதல் 240 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த சில ஆய்வுகளில் தோல் ஈரம் ஓரளவு கூடியதாகச் சொல்கிறார்கள். ஆனால் அவை சின்ன ஆய்வுகள், சில மாதங்களே நடந்தவை, பலவற்றுக்குப் பணம் கொடுத்ததே தயாரிப்பு நிறுவனங்கள். அந்த மாதங்களில் பெரிய கெடுதல் எதுவும் தெரியவில்லை. தங்கை சாப்பிட்டு நன்றாக இருந்தால் சாப்பிடட்டும். தேய்மானத்துக்கு இது மருந்து என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.

ஊசியின் பின்னால் இருக்கும் யோசனை நியாயமானது. நல்ல மூட்டில் இருக்கும் திரவம் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக, நூல் நூலாக இழுபடும். அந்த வழவழப்பைத் தருவது ஹயலுரானிக் அமிலத்தின் நீண்ட சங்கிலிகள்தான். தேய்மானம் வந்த மூட்டில் இந்தச் சங்கிலிகள் குறுகிவிடும், அளவும் குறையும். அதை ஊசியால் ஈடுகட்டலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் முழங்காலுக்கு 1997-இல் அனுமதி கிடைத்தது. ஆனால் பின்னர் வந்த பெரிய, தரமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெறும் உப்புநீர் ஊசிக்கும் இதற்கும் வலியில் இருந்த வித்தியாசம் நோயாளியால் உணர முடியாத அளவுக்குச் சிறியது என்று தெரிந்தது. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் மூட்டுத் தேய்மானத்துக்கு இந்த ஊசியைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அமெரிக்க எலும்பு மூட்டு மருத்துவர்களின் 2021 வழிகாட்டுதலும் வழக்கமான சிகிச்சையாக இதைப் பரிந்துரைக்கவில்லை. போட்டுக்கொண்ட சிலர் சில மாதங்கள் வலி குறைந்தது என்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது. ஊசிக்குப்பின் சிலருக்கு மூட்டு வீங்கி வலிக்கும், அபூர்வமாகக் கிருமித் தொற்றும் வரலாம். ஆரம்ப நிலையில் இருக்கும் நீங்கள் அந்த ஆபத்தை ஏற்க வேண்டிய அவசியம் இல்லை.

உங்கள் முழங்காலைத் தாங்கப்போவது தொடைத் தசை. படி இறங்கும்போது உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அது பலவீனமானால் மொத்தச் சுமையும் மூட்டின்மேல் இறங்கும். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். ஒரு காலை மெதுவாக நேராக நீட்டி, பாத நுனியை உங்கள் பக்கம் இழுங்கள். முழங்கால் சில்லுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தால் தசை கல்லாக இறுகுவது தெரியும். ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, தினம் இரண்டு வேளை. கொஞ்சம் வலிக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். லேசான வலி பரவாயில்லை, செய்து முடித்தபின் வழக்கமான நிலைக்கு வந்துவிட்டால் போதும். கூடவே நடையும் வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலே, ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். வலி அதிகமான நாட்களில் டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம். வலி மாத்திரையைவிட இது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பானது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதே அமிலத்தை, சுருக்கங்களையும் பள்ளங்களையும் நிரப்பும் ஃபில்லர் என்று முகத்தில் ஊசியாகப் போடுகிறார்கள். தவறிப்போய் ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். அதைக் கரைக்கும் மருந்தைக் கையில் வைத்திருக்கும், பயிற்சி பெற்ற மருத்துவரைத் தவிர வேறு யாரிடமும் முகத்தைக் கொடுக்காதீர்கள். ஊசியில்லாமல் பேனா போன்ற கருவியால் ஏற்றுகிறேன் என்பவர்களிடம் போகவே வேண்டாம்.

உடற்பயிற்சியை எட்டு வாரம் விடாமல் செய்தும் படி இறங்குவது சிரமமாகவே இருந்தால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். முழங்கால் திடீரென்று பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது மடங்கி விழப்பார்த்தாலோ அந்த எட்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். சிவந்து, சூடாகி வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.