பாறையேற்றச் சாமான்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கிழமைக்கு இரண்டு தடவை செயற்கைச் சுவரில் ஏறப் போகிறேன். போகும்போதெல்லாம் சப்பாத்துக்கும் ஹார்னஸுக்கும் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டி) வாடகை கட்டுகிறேன். சொந்தமாக வாங்கினால் இலாபமா? முதலில் எதை வாங்குவது? (மாணவி, வெள்ளவத்தை)

பதில்: முதலில் சப்பாத்து. சப்பாத்தின் விலையை ஒரு நாள் வாடகையால் வகுத்துப் பாருங்கள். விலை 24,000 ரூபா, வாடகை 500 ரூபா என்று வைத்துக்கொண்டால் 48 தடவையில் போட்ட காசு திரும்பும். கிழமைக்கு இரண்டு தடவை என்றால் 24 கிழமை. பரீட்சை, பகிஷ்கரிப்பு, ஊருக்குப் போகும் விடுமுறை எல்லாம் சேர்த்து எட்டு மாதம் என்று எடுங்கள். அவ்வளவு காலம் தொடர்ந்து ஏறுவேன் என்று நம்பிக்கை இருந்தால் வாங்கலாம்.

விலை கூடிய சப்பாத்து இப்போது வேண்டாம். புதிதாக ஏறுபவர்கள் காலைத் தூக்கி வைப்பதில்லை, சுவரில் உரசி இழுத்து வைப்பார்கள். அதனால் பெருவிரல் முனையில் ரப்பர் சீக்கிரம் தேயும். கீழ்நோக்கி வளைந்த, மெல்லிய ரப்பர் போட்ட சப்பாத்தை இந்தப் பழக்கம் சில மாதத்தில் தின்றுவிடும். அடி தட்டையான, வெல்க்ரோ பட்டி வைத்த, 4 முதல் 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ரப்பர் போதும்.

அளவில்தான் பலர் காசை விடுகிறார்கள். வாடகைச் சப்பாத்துகளில் உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் சோடியின் நிறுவனம், மாதிரி, ஐரோப்பிய அளவு மூன்றையும் குறித்து வையுங்கள். ஒரு நிறுவனத்தின் 38 இன்னொன்றின் 38 அல்ல. உட்துணி இல்லாத தோல் சப்பாத்து பாவிக்கப் பாவிக்க ஓர் அளவு வரைகூட இளகும், செயற்கைத் தோல் அநேகமாக இளகாது. கொழும்பு வெக்கையில் பின்னேரம் கால் வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் போட்டுப் பாருங்கள். விரல்கள் முனையைத் தொட்டுச் சற்று மடங்கலாம், ஆனால் வலிக்கக் கூடாது.

இரண்டாவதாக ஹார்னஸ், ரியூப் வகை பிலே கருவி (கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து, விழுபவரை நிறுத்தும் கருவி), பூட்டுள்ள கரபினர் (வாய் திறந்து மூடும் உலோகக் கொளுக்கி), சோக் பை (கை வழுக்காமல் பூசும் வெள்ளைத் தூளுக்கான பை). இந்த நான்கையும் ஒரே பொதியாகப் பெட்சில், பிளாக் டயமண்ட் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. தனித்தனியே வாங்குவதைவிட அது மலிவு. தானாகப் பிடிக்கும் வகைப் பிலே கருவி ரியூப் வகையின் பல மடங்கு விலை. உங்கள் சுவரில் அதைக் கட்டாயமாக்கியிருந்தால் அங்கேயே தருவார்கள், ஆகவே அவசரம் இல்லை.

கயிறு, குயிக்ட்ரோ (குட்டைப் பட்டியால் இணைத்த இரண்டு கரபினர், கயிற்றைப் பாறையிலுள்ள பிடிமானத்தில் மாட்ட), தலைக்கவசம் மூன்றும் வெளிப்பாறைக்குப் போகும்போதுதான் வேண்டும். அப்போதும் தனியாக வாங்காதீர்கள். ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு ஒரு கயிறு போதும், நாலு பேர் பங்கு போடலாம். ஆனால் கயிறு யாருடைய அறையில் இருக்கும், யார் பார்ப்பார் என்பதை வாங்கும் முன்னரே தீர்த்துவிடுங்கள். பொதுச் சொத்துக்குப் பொறுப்பாளி இல்லாவிட்டால் அது ஈரத்தோடு பையில் கிடக்கும். ஒரு கொப்பியில் வாங்கிய திகதி, தொடர் இலக்கம், எடுத்துப் போன நாள், பெரிய விழுகை ஏதும் நடந்ததா என்று எழுதி வந்தால் போதும்.

கேள்வி: முகநூலில் ஒருவர் ஹார்னஸும் 60 மீற்றர் கயிறும் பாதி விலைக்குத் தருகிறார். “மூன்று தடவைதான் பாவித்தது” என்கிறார். நம்பி எடுக்கலாமா? (மாணவன், மொறட்டுவை)

பதில்: வேண்டாம். அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல, அவர் சொல்வது உண்மையா என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே பிரச்சினை. கயிறும் ஹார்னஸும் நைலோன், பொலியெஸ்டர் சாமான்கள். வாகன பற்றரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அமில ஆவி நைலோனைத் தின்னும், வெளியே ஒரு தடயமும் தெரியாமலே பட்டி வலு இழந்திருக்கலாம். வெயிலும் இதே வேலையைச் செய்யும், அதற்கு நிறம் மங்குவதாவது காட்டிக்கொடுக்கும்.

கூடவே வயசு. துணி, பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பெரும்பாலான உற்பத்தியாளர்கள் வைக்கும் உச்ச எல்லை, பாவிக்காமல் வைத்திருந்தாலும், உற்பத்தித் திகதியிலிருந்து 10 வருடம். பெட்சில் சாமான்களில் தொடர் இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கம் ஆண்டைக் காட்டும்: 16 என்று தொடங்கினால் 2016. லேபல் கிழிந்திருந்தால் பேச்சை அதோடு நிறுத்துங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கூடவே ஏறி, அந்தக் கயிற்றை நீங்களே கண்டு பழகிய நண்பரிடம் என்றால் எடுக்கலாம். அப்படியானால் கயிறு முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். ஓரிடத்தில் மெத்தென்று இருந்தாலோ, தட்டையாகத் தெரிந்தாலோ, மடிக்கும்போது வளையாமல் V போல் ஒடிந்தாலோ உள்ளே கருநார் சேதமடைந்திருக்கிறது. ஹார்னஸில் கயிறு கட்டும் இரண்டு வளையங்களையும் நடுவிலுள்ள பிலே வளையத்தையும் பாருங்கள். பட்டி பிசிறு விட்டிருந்தாலோ, வேறு நிற நூலில் போட்ட அடர்த்தியான தையல் ஓரிடத்திலாவது அறுந்திருந்தாலோ கழித்துவிட வேண்டியதுதான். தையற்காரரிடம் கொடுத்துத் தைத்து எடுப்பது தற்கொலைக்குச் சமம்.

பழையது வாங்கக்கூடிய சாமான்களும் உண்டு. சப்பாத்து அதில் முதலாவது: அறுந்தால் கால் வழுக்கும், உயிர் போகாது. பட்டி கழன்றால் தெருவோரத்தில் சப்பாத்துத் தைப்பவரே தைத்துத் தருவார். அடிப்பகுதி ஒட்டும் வேலையை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள், சாதாரணச் சப்பாத்து ரப்பர் பாறையில் பிடிக்காது. பழைய சோடி வாங்கும்போது அடி ரப்பருக்கு மேலே முனையைச் சுற்றியிருக்கும் பட்டியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் பாதி விலையும் அதிகம்.

கரபினர், பிலே கருவி போன்ற உலோகச் சாமானும் தெரிந்தவரிடம் எடுக்கலாம். வாயை அழுத்தி விட்டால் தானாகச் சட்டென்று மூட வேண்டும். கயிறு ஓடும் இடத்தில் பள்ளம் 1 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் வேண்டாம். பள்ளத்தின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், கூர்மையாக இருந்தால் அது கயிற்றை அறுக்கும்.

கேள்வி: புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடையில் அதே தடிப்பில் நைலோன் கயிறு கால்வாசி விலை. கட்டட வேலைத் தலைக்கவசமும் மலிவு. என்ன வித்தியாசம்?

பதில்: கடைக் கயிறு பாரத்தைத் தாங்கும், விழுபவரைத் தாங்காது. ஏறுபவர்களுக்கான டைனமிக் கயிறு, ஈ.என். 892 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி, விழும்போது நீண்டு அதிர்ச்சியை உள்வாங்குகிறது. சோதனையில் முதல் விழுகையின் உச்ச விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, ஒற்றைக் கயிறு 80 கிலோ பாரத்தோடு குறைந்தது 5 விழுகையைத் தாங்க வேண்டும். நீளாத கயிற்றில் அந்த விசை முழுவதும் உங்கள் முதுகெலும்புக்கும் மேலேயுள்ள பிடிமானத்துக்கும் போகும். சாமான் பை தூக்க, கொடி கட்ட அந்தக் கயிறு நல்லது.

கட்டடத் தலைக்கவசத்தின் நாடி வார், எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்காமல் கழன்றுபோகும்படி செய்யப்பட்டது. பாறையில் புரண்டு விழும்போதும் அது கழன்றுவிடும். ஏறுபவர்களின் தலைக்கவசத்துக்கான தரமான ஈ.என். 12492 என்று அச்சிட்டதை வாங்குங்கள். சாவிக்கொத்து கரபினரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

கேள்வி: மாமா டிசம்பரில் லண்டனிலிருந்து வருகிறார். இணையத்தில் ஓடர் பண்ணுவதைவிட அவரிடம் சொல்லி விடுவது நல்லதா?

பதில்: பெரும்பாலும் நல்லது. தபாலில் வரும் பொதிக்குச் சுங்கம் சாமானின் விலையை மட்டும் பார்ப்பதில்லை, அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்த தொகையில்தான் வரி கணக்கிடுகிறது. 100 டொலர் சாமானுக்கு 30 டொலர் அனுப்பும் செலவு என்றால் வரி 130இல் தொடங்கும். தீர்வைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய பிறகு, அந்தக் கூட்டுத்தொகையில் பெறுமதி சேர் வரி 18 வீதம். அளவு பிழைத்தால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்.

மாமாவிடம் கேட்க வேண்டியது அளவுச் சிக்கல் இல்லாத சாமான்: பிலே கருவி, கரபினர், கயிறு. 9.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள 60 மீற்றர் கயிறு நாலு கிலோ அளவு இருக்கும், அவருடைய பொதியில் இடமிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இடுப்பை அளந்து சென்றிமீற்றரில் சொல்லி, தொடைப் பட்டி சரிசெய்யக்கூடிய ஹார்னஸும் கேட்கலாம். சப்பாத்து மட்டும் வேண்டாம், நீங்கள் ஏற்கனவே போட்டுப் பார்த்த மாதிரியாக இருந்தாலொழிய. சோக்கும் வேண்டாம். விமான நிலையத்தில் வெள்ளைத் தூளுக்கு விளக்கம் சொல்ல மாமாவை நிற்க வைக்காதீர்கள்.

நவம்பர் கடைசியில் அங்கே விலைக்கழிவு இருக்கும், ஆகவே இப்போதே பட்டியலைக் கொடுங்கள். விமான நிலையத்தில் வரியைத் திருப்பி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பிரித்தானியாவில் அந்த வசதி 2021 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பற்றுச்சீட்டையும் பாவனைக் கையேட்டையும் எறியாமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: சோக், டேப் எல்லாம் கொழும்பில் மலிவாக எங்கே?

பதில்: சோக் என்பது மக்னீசியம் காபனேற்று. ஜிம்னாஸ்டிக்ஸ்காரர் பாவிக்கும் கட்டியும் அதுவே. கட்டியாக வாங்கி நீங்களே நொறுக்குங்கள். திரவச் சோக் தேவையானால் அதே தூளை ஐசோபுரொப்பைல் அல்ககோலில் கலந்து தடித்த கூழாக்கி இறுக மூடும் போத்தலில் வையுங்கள். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தந்தால் லேபலை வாசியுங்கள், சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும், கை வழுக்கும். விரலுக்குச் சுற்ற சிங்க் ஒக்சைட் டேப்பைப் பாமசியிலேயே எடுக்கலாம். பிடிகளைத் துடைக்கப் பழைய பல்துலக்கி.

கேள்வி: அறை கடற்கரைப் பக்கம். சப்பாத்தில் பூஞ்சணம், கரபினரில் வெள்ளைப் புள்ளி. எறிவதா?

பதில்: எறிய வேண்டாம். வெள்ளைப் புள்ளி உப்புக் காற்றில் அலுமினியம் அரிக்கத் தொடங்கியதன் அடையாளம். இளஞ்சூட்டு நீரில் கழுவி, வாயின் சுருளைப் பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, கீலில் ஒரு துளி சிலிக்கன் எண்ணெய் விட்டுத் துடையுங்கள். புள்ளி போய்க் குழி தெரிந்தால், அல்லது வாய் இன்னும் ஒட்டினால், அதைக் கழிக்கலாம். யன்னலோரத்தில் தொங்க விடுவதை நிறுத்துங்கள்.

சப்பாத்தை ஏறியவுடன் பையில் போட்டு மூடாதீர்கள். திறந்து, பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விடும். கயிற்றையும் ஹார்னஸையும் 30 பாகைக்கு உட்பட்ட தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் காயவிடலாம். பிளீச் கிட்டவும் வரக்கூடாது.

கேள்வி: இணையப் பக்கமொன்றில் வாங்கிய கரபினரில் ஓர் அடையாளமும் இல்லை. “விலைக்கழிவுச் சாமான், மாற்ற முடியாது” என்கிறார்கள்.

பதில்: ஒழுங்கான கரபினரில் நீளவாக்கு, குறுக்கு, வாய் திறந்த நிலை என்று மூன்று கிலோநியூட்டன் எண்கள், ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும் சி.ஈ. குறியோடு நான்கு இலக்கம், தொடர் இலக்கம் எல்லாம் பொறித்திருக்கும். போலிகள் இவற்றையும் பிரதி பண்ணும். 2011இல் பெட்சில் தன் கரபினர்களின் போலிகள் பற்றியே எச்சரிக்கை விட்டது. ஆகவே குறி இருந்தால் மட்டும் போதாது, குறியே இல்லாததில் ஒருபோதும் தொங்காதீர்கள்.

விற்றவருக்கு முதலில் எழுத்தில் அறிவியுங்கள். சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், வாங்கிய மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, சாமானின் படம், காசு கட்டிய ஆதாரம் நான்கையும் இணையுங்கள். விளம்பரத்தை இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், முறைப்பாடு என்ற சொல் காதில் விழுந்ததும் பதிவை அழித்துவிடுவார்கள்.