மருந்தே அடிக்காத உணவில் நஞ்சு எங்கிருந்து வரும்?

கேள்வி: "மரவள்ளிக்கிழங்கில் சயனைடு இருக்கிறது, வேர்க்கடலையால் புற்றுநோய் வரும் என்றெல்லாம் ஆராய்ச்சி சொல்வதாகப் படித்தேன். மருந்தே அடிக்காமல் மண்ணில் விளைந்த பொருள் எப்படி உடம்பைக் கெடுக்கும்? இது பூச்சிமருந்துக் கம்பெனிகள் கிளப்பிவிட்ட கதைதானே?"

கதை இல்லை, உண்மைதான். ஆனால் இதைக் காட்டி, "பார்த்தீர்களா, பூச்சிமருந்து ஒன்றும் அவ்வளவு மோசமில்லை" என்று யாராவது பேசினால் அவரையும் நம்பவேண்டாம். அந்த வழக்கு தனி.

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கொல்லை உண்டு. ஒரு பக்கம் குச்சிக்கிழங்கு, ஒரு பக்கம் கடலை போடுகிறோம். நீங்கள் மரவள்ளி என்பதைத்தான் எங்கள் ஊரில் குச்சிக்கிழங்கு என்கிறோம். ஆக, நீங்கள் கேட்ட இரண்டையும் நான் வகுப்பிலும் நடத்துகிறேன், வீட்டிலும் தின்கிறேன்.

கிழங்கில் தொடங்குகிறேன். செடியால் ஓடவும் முடியாது, முட்டவும் முடியாது. எலி வந்தாலும் பன்றி வந்தாலும் நின்ற இடத்தில் நின்றுதான் சமாளிக்க வேண்டும். அதற்காக அது லினமாரின் என்ற பொருளைத் தன் செல்களுக்குள் சேர்த்து வைக்கிறது. அது மட்டும் இருந்தால் பெரிய தொல்லை இல்லை. அதை உடைக்கும் நொதியும் அதே செடியில், வேறோர் அறையில் இருக்கிறது. யாராவது கடித்தாலோ நசுக்கினாலோ இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். இலையிலும் தோலிலும் இது அதிகம். நாம் தின்னும் வெள்ளைச் சதையில் குறைவு. அதுவும் ரகத்துக்கு ரகம் வேறுபடும். கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சயனைடு தரும் கிழங்கை இனிப்பு ரகம் என்கிறது கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பு. அதற்கு மேல் போனால் கசப்பு ரகம். மழை பொய்த்து செடி வாடினால், இனிப்பு ரகத்திலும் அளவு ஏறிவிடும். வறட்சியான எங்கள் மாவட்டத்துக்கு இது சும்மா படித்துவிட்டுப் போகிற செய்தி அல்ல.

வகுப்பில் மாணவர்களுக்கு இதைக் கண்ணால் காட்டுவது சுலபம். ஒரு சீசாவில் துருவிய சதையையும் இன்னொன்றில் துருவிய தோலையும் போட்டு, மஞ்சள் நிறப் பிக்ரேட் தாளை உள்ளே தொங்கவிட்டு இறுக மூடிவைப்போம். மறுநாள் காலையில் சதை இருந்த சீசாவில் தாள் லேசாக ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருக்கும். தோல் இருந்த சீசாவில் செங்கல் நிறம். ராத்திரி முழுக்க அந்தத் தோல் ஆவியாக விட்ட சயனைடுதான் தாளில் நிறமாகப் படிந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எந்த மாணவரும் கிழங்கைப் பச்சையாகக் கடிப்பதில்லை.

என் அம்மாவுக்கு லினமாரினும் தெரியாது, பிக்ரேட் தாளும் தெரியாது. ஆனால் அவர் கிழங்கு அவிப்பதைக் கவனியுங்கள். கத்தி முனையால் நீளவாக்கில் ஒரு கீறல் போடுவார். மேல்தோலும் அதன் அடியில் இருக்கும் தடித்த பட்டையும் சேர்ந்து சுருளாகக் கழன்று வரும். அவசரத்தில் மேல்தோலை மட்டும் சுரண்டிக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு சிறு துண்டுகளாக நறுக்கி, நடு நரம்பை உருவிப் போட்டு, மூழ்க மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவார். புதுத் தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டு மறுபடி வேகவைப்பார். ஏன் என்று கேட்டால் "தலை கிறுகிறுக்கும்" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும்.

ஆய்வகம் சொல்வதும் இதைத்தான், காரணத்தோடு. தோலோடு பெரும்பங்கு நஞ்சு போய்விடுகிறது. லினமாரின் தண்ணீரில் கரையும் என்பதால் வடித்த நீரோடு இன்னொரு பங்கு போகிறது. ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை ஏறத்தாழ 26 டிகிரிதான். திறந்த பாத்திரத்தில் அது நிற்பதே இல்லை. பெரிய துண்டுகளாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குக்கரில் அடைத்தால் பிரச்சினை வேறு. சூட்டில் நொதி செத்துவிடும், லினமாரின் உடையாமல் கிழங்கிலேயே தங்கிவிடும், குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைப் பின்னால் உடைக்கும். கிழங்கோடு இஞ்சி சேர்த்தால்தான் விஷம் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. லினமாரினுக்கு இஞ்சியின் தயவு தேவையில்லை.

இந்தப் பக்குவம் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் சாட்சி இருக்கிறது. கொன்சோ என்ற நோயை 1938இல் காங்கோவில் பணியாற்றிய மருத்துவர் ட்ரோலி பதிவு செய்தார். நேற்றுவரை நடந்தவருக்கு இன்று இரண்டு கால்களும் விறைத்துப்போகும், திரும்பச் சரியாகாது. குழந்தைகளையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையும் அதிகம் பிடிக்கும். 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் கடும் வறட்சி வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி முடங்கினார்கள். கசப்புக் கிழங்கை வழக்கமாக நாள்கணக்கில் உலர்த்தி, இடித்துச் சாப்பிட்டவர்கள்தான் அவர்கள். பசி மிஞ்சியதால் அந்த நாள்கள் குறைந்துபோயின. கூடவே பருப்போ மீனோ கிடைக்கவில்லை. நம் உடம்பு சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளுவதற்குக் கந்தகம் வேண்டும். அது புரதத்திலிருந்துதான் வரவேண்டும். எங்கள் வீடுகளில் கிழங்குக்குப் பக்கத்தில் அவரைக் குழம்போ கருவாடோ இருப்பதை நான் வெறும் ருசி விஷயமாகப் பார்ப்பதில்லை.

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கிழங்கு மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கூடையில் மெல்லிசாகப் பரப்பி, வெயிலில் 2 மணி நேரமோ நிழலில் 5 மணி நேரமோ வைத்தால் போதும். மாவிலேயே மீந்திருக்கும் நொதி வேலையை முடித்துவிடும், சயனைடு காற்றில் போய்விடும். மருந்தும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். ஆராய்ச்சி என்றால் இப்படி இருக்கவேண்டும்.

கிழங்கைப் பொறுத்தவரை எனக்குக் கவலை மனிதர்களைவிட ஆடுமாடுகளைப் பற்றித்தான். வாடிய கிழங்குத் தழை, உரித்துப் போட்ட தோல், ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர், முளைத்து ஒரு முழம் வந்த இளஞ்சோளம் எல்லாமே சயனைடு தரக்கூடியவை. ஆடு வாயில் நுரை தள்ளி மூச்சுத் திணறினால் வேப்பிலை அடிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி நேரத்துக்குப் போட்டால் பிழைக்கும்.

கடலை விஷயம் இதைவிடச் சங்கடமானது. அங்கே நஞ்சு செடியுடையது அல்ல, பூஞ்சையுடையது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பச்சைநிறப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. அவற்றுக்குப் போட்ட பிரேசில் கடலைப் பிண்ணாக்கைத் துருவிப் பார்த்தபோதுதான் இந்தப் பொருள் பிடிபட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. கல்லீரலில் இது மாற்றம் அடைந்து மரபணுவிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமியும் உடம்பில் இருந்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஆபத்தைப் பல மடங்கு ஆக்குகின்றன. அந்தத் தடுப்பூசியைக் குழந்தைக்குத் தவறாமல் போட இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1974இல் அறுவடை நேரத்தில் பருவம் தப்பிய மழை பெய்து, ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மக்காச்சோளம் பூசணம் பிடித்தது. வேறு தானியம் இல்லாத பழங்குடி மக்கள் அதைத் தின்றார்கள். 397 பேருக்கு மஞ்சள்காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் வந்து, 106 பேர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் விசாரித்தபோது, அதே சோற்றைத் தின்ற வீட்டு நாய்களும் அதே நோயில் செத்திருந்தது தெரிந்தது. தொற்றுநோய் அல்ல, தட்டில் இருந்ததுதான் காரணம் என்பதற்கு அது பெரிய தடயமானது.

"அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்று இந்தப் பேச்சில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். சயனைடுக்கு அது பொருந்தும்: கொஞ்சம் வந்தால் உடம்பு கழித்துவிடும், மிஞ்சினால் கொல்லும். அஃப்ளாடாக்சினுக்கு அப்படி ஒரு பத்திரமான கோடு கிழிக்க விஞ்ஞானிகள் தயாராக இல்லை. முடிந்தவரை குறை என்பதே விதி. ஐரோப்பிய ஒன்றியம் நேராகத் தின்னும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. வறுத்தாலும் முழுதாகப் போகாது, வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. நாக்கும் கைகொடுக்காது. பூசணம் பிடித்த கடலை கசந்தால் துப்பிவிடுவோம், சரி. சட்னியில் அரைத்த பிறகு எதைத் துப்புவது? குச்சிக்கிழங்குக்கு அம்மா போதும்; கடலைக்கு ஆய்வகம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதில் மண்ணைவிட மனிதர் பங்கு பெரிது. தொலியை உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் வரவேண்டும் என்று காயின்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். எடையும் கொஞ்சம் கூடும். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டி அடுக்கினால் பூசணத்துக்குக் கல்யாண விருந்துதான். பிறகு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுருங்கல், சொத்தை, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பார்கள். நஞ்சு பெரும்பாலும் அந்தக் கழிவில்தான் குவிந்திருக்கும். அந்தக் கழிவு குப்பைக்குப் போவதில்லை. மலிவு விலையில் செக்குக்குப் போகிறது. எண்ணெயில் கொஞ்சம் இறங்கும், மீதி பிண்ணாக்கில் தங்கும், பிண்ணாக்கை மாடு தின்னும், பாலில் வேறு வடிவத்தில் வெளிவரும். "மரச்செக்கு எண்ணெய், சுத்த இயற்கை" என்று பலகை வைத்திருந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: எந்தக் கடலை ஆட்டினீர்கள்? சுத்திகரித்த எண்ணெயில் காரம் (ஆல்கலி) சேர்த்துச் சுத்தம் செய்யும்போது இது நீங்கிவிடுகிறது என்பது இயற்கை அன்பர்களுக்குப் பிடிக்காத உண்மை. செக்கு எண்ணெயை நானும் விரும்பித்தான் வாங்குகிறேன், பொறுக்கிய கடலையை என் கண்முன் கொட்டி ஆட்டும் இடத்தில்.

சிறுதானியமும் விதிவிலக்கு அல்ல. 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தன. பூசணம் தாக்கிய வரகில் இருந்த சைக்ளோபயசோனிக் அமிலம்தான் காரணம் என்றார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை இறங்காத கேழ்வரகுக் கொல்லை ஏது? அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தக் கொல்லைகள்தான் நினைவுக்கு வந்தன.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் மிகுதியான பேரைத் தொட்ட இயற்கை நஞ்சு கிழங்கும் இல்லை, கடலையும் இல்லை. தண்ணீரில் உள்ள ஃபுளூரைடு. பாறையிலிருந்து கரைந்து ஆழ்துளைக் கிணற்றில் வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் காவிக் கோடு விழும். பல ஆண்டுகள் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகும். 1937இலேயே ஷார்ட்டும் அவரது குழுவினரும் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்க் கிராமங்களில் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். எங்களுக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் ஜப்பான் கடனுதவியோடு வந்தது 2013இல்தான். குழாய் வராத நாளில் இன்னும் போர் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் உண்டு. காய்ச்சினால் சரியாகும் என்று நினைக்கிறார்கள். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் சுண்டி ஃபுளூரைடு கூடத்தான் செய்யும். உங்கள் வீட்டிலும் போர் தண்ணீர்தான் என்றால், ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை கொடுங்கள், நீர்மட்டத்தோடு அளவும் மாறும்.