நகவெட்டி எங்கே?

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். நான் ஆசிரியை, கணவருக்கு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வீட்டை ஒழுங்கு பண்ணுகிறேன், புதன்கிழமைக்குள் பழையபடி ஆகிவிடுகிறது. நகவெட்டி முதல் கரண்ட் பில் வரை எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். ஆன்லைனில் நல்ல பெட்டிகள், அடுக்குகள் வாங்கினால் சரியாகுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாரும் உங்களிடம்தான் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்கிற விவரம் உங்கள் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கிறவரை, ஞாயிறு முழுக்கத் துடைத்தாலும் புதன்கிழமை கலைந்துதான் போகும், ஏனென்றால் எடுத்ததை எங்கே வைப்பது என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

உங்கள் கணவரிடம் ஃபைவ் எஸ் பற்றிக் கேளுங்கள். ஜப்பானில், முக்கியமாக டொயோட்டா மாதிரியான தொழிற்சாலைகளில் வளர்ந்த முறை அது. முதலில் வேண்டாததைக் கழிப்பது, அடுத்து வேண்டியதற்கு இடம் ஒதுக்குவது, மூன்றாவதாகத்தான் சுத்தம் செய்வது, அப்புறம் அதையே வழக்கமாக்குவது, விடாமல் கடைப்பிடிப்பது. நம் வீடுகளில் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேரே மூன்றாவதற்குப் போகிறோம். இந்த முறையில் ஓடும் பட்டறைகளில் சுவரில் ஒரு பலகை இருக்கும், ஒவ்வொரு ஸ்பேனரின் வடிவமும் அதில் வரைந்திருக்கும், ஷிப்ட் முடியும்போது எந்த இடம் காலியாக இருக்கிறது என்று நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் பார்த்தவுடன் சொல்லிவிடுவான், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வீட்டுக்கும் அதுதான் வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடாதீர்கள். தினமும் தேடுகிற சாமான்களை மட்டும் முதலில் எடுங்கள்: நகவெட்டி, கத்தரிக்கோல், வண்டிச் சாவி, டார்ச், தெர்மாமீட்டர். இடத்தை நீங்களே முடிவு செய்யாமல் இரவு சாப்பிட்டதும் எல்லாரையும் உட்காரவைத்துக் கேளுங்கள், சின்னவன் கை எட்டவேண்டும், மாமியார் ஸ்டூல் போட்டு ஏறக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அதன்பிறகு யாராவது நகவெட்டி எங்கே என்று கேட்டால் எழுந்துபோய் எடுத்துக் கொடுக்காதீர்கள், "அதோட இடத்துல பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கொஞ்ச நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். இந்த இடத்தில்தான் பெண்கள் இரக்கப்பட்டு விட்டுவிடுகிறோம், தயவுசெய்து விடாதீர்கள்.

மாமியாரின் மாத்திரைகளில் ஒன்று கவனியுங்கள். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி டப்பாவில் போடும்போது காலாவதித் தேதி அச்சடித்த ஓரம் முதலில் போய்விடும், மிஞ்சியது எப்போது வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. தேதி இருக்கிற ஓரத்தைக் கடைசிவரை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் இருந்து வெட்டுங்கள்.

கரண்ட் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள் என்பதால்தான் மறந்துபோகிறது. சமையலறைக் காலண்டரில் கணக்கெடுத்த தேதியையும் சிலிண்டர் மாற்றிய தேதியையும் எழுதிவையுங்கள், 14.2 கிலோ சிலிண்டர் உங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் வருகிறது என்று சீக்கிரமே பிடிபட்டுவிடும், அடுத்த சிலிண்டருக்குப் பதிவு செய்கிற வேலையைக் கணவரே பார்த்துக்கொள்ளலாம்.

துணி பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காய்ந்த துணியை மொட்டைமாடியில் கொடியில் இருந்து எடுக்கும்போதே மடித்து, ஆளுக்கு ஒரு அடுக்காகக் கொண்டுவாருங்கள். அள்ளிவந்து கட்டிலில் போட்டால் அது ஞாயிறுவரை கட்டிலில்தான் கிடக்கும். பிள்ளைகள் தங்கள் அடுக்கைத் தாங்களே அலமாரியில் வைக்கட்டும். கோணலாக வைத்தால் திருத்தாதீர்கள்.

பருப்பு, அரிசி டப்பாக்களில் பழையது தீருமுன் புதியதை மேலே கொட்டவேண்டாம், அடியில் இருப்பதில் வண்டு பிடித்து மேலே உள்ளதும் கெடும்.

பெட்டியும் அடுக்கும் இப்போது வாங்காதீர்கள். கழிக்காமல் வாங்கினால் வேண்டாததையும் சேர்த்து அழகாக அடுக்கிவைப்போம், அப்புறம் அதைக் கழிக்கவே மனசு வராது. போகிவரை காத்திருக்கவும் வேண்டாம், வாரம் ஒரு அலமாரித் தட்டு என்று எடுத்துக் காலி செய்யுங்கள், போடக்கூடிய துணியை யாருக்காவது கொடுங்கள், பிளாஸ்டிக்கை எரிக்காமல் பழைய சாமான் கடையில் போடுங்கள். எல்லாத் தட்டும் முடிந்தபிறகும் இடம் போதவில்லை என்றால் எழுதுங்கள், எந்த அளவில் என்ன வாங்கலாம் என்று அப்போது பேசுவோம்.

அன்புடன்,
அக்கா