ஆடிட் ரிப்போர்ட் க்ளீன், ஆனா டாக்ஸ் மட்டும் ஏன் இவ்ளோ கம்மி?

வாசகர் கேள்வி: நான் ஷேர் வச்சிருக்கற கம்பெனி வருஷா வருஷம் நல்ல லாபம் காட்டுது, ஆனா கட்டுற வரி லாபத்துல 10% கூட வரல. பாதிக்கு மேல ஷேர் ஒரே குடும்பத்துக்கிட்ட இருக்கு. ஆடிட்டர் ஒரு குறையும் சொல்லல. பயப்படணுமா?

ஆடிட்டர் குறை சொல்லலன்னா கணக்கு விதிப்படி எழுதிருக்காங்க, பெரிய தப்பு கண்ணுல படலன்னு தான் அர்த்தம், வரி நியாயமா கட்டுறாங்கன்னு அவர் சர்டிஃபிகேட் குடுக்கல. சட்டத்துல இருக்கற சலுகைய வச்சு வரிய குறைச்சா அத தடுக்கறது அவர் வேலை இல்ல. அவர் பாக்கறது, சந்தேகமான க்ளைம் ஏதாவது நாளைக்கு நிக்காம போனா அதுக்கு பணம் ஒதுக்கிருக்காங்களான்னு தான். சர்வதேச கணக்கு விதிகள்ல ஐஎஃப்ஆர்ஐசி 23னு ஒண்ணு 2019ல இருந்து இருக்கு, வரி ஆபீஸ் எல்லா விவரமும் தெரிஞ்சு தான் செக் பண்ணும்னு வச்சுக்கிட்டே ஒதுக்கீடு போடணும்னு அது சொல்லுது, யாரு பாக்கப்போறாங்கன்னு கணக்கு எழுத முடியாது.

அடுத்து ஆடிட்டருக்கு எதுக்கெல்லாம் பணம் போகுதுன்னு பாருங்க, இது ரொம்ப முக்கியம். வரி பிளான் போட்டு குடுக்கறதும் அவங்க, அத செக் பண்றதும் அவங்கன்னா எப்படி நம்பறது? அமெரிக்கால 2002 சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டத்துக்கு அப்புறம் ஆடிட்டர் வரி வேலை செய்யணும்னா போர்டோட ஆடிட் கமிட்டி (கணக்கையும் ஆடிட்டரையும் மேற்பார்வை பாக்கற இயக்குநர்கள் குழு) முன்கூட்டியே ஓகே சொல்லணும், ஐரோப்பிய யூனியன்ல லிஸ்ட் ஆன கம்பெனிகளுக்கு ஆடிட் அல்லாத ஃபீஸ், முந்தின மூணு வருஷ ஆடிட் ஃபீஸ் சராசரில 70% தாண்டக்கூடாது. வரி தெரிஞ்ச ஆடிட்டர் இருந்தா தப்பு குறையும்ங்கறதும் உண்மை தான், அதனால வரி ஃபீஸ் இருந்தாலே மோசம்னு முடிவு கட்டாதீங்க, ஆடிட் ஃபீஸ விட அது பெருசா இருந்தா தான் உஷாராகணும்.

இப்ப ஓனர் விஷயம். குடும்ப கம்பெனின்னா வரிய ரொம்ப இழுத்துப் பிடிப்பாங்கன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா அமெரிக்க லிஸ்டட் கம்பெனிகள வச்சு 2010ல வந்த ஒரு ஆய்வுல குடும்ப கம்பெனிகள் தான் வரி தவிர்ப்புல கம்மியா இறங்குதுன்னு வந்துச்சு. மாட்டினா அபராதமும் கெட்ட பேரும் குடும்பத்து தலைல தான் விழும், அதோட வரிய மறைக்கற சிக்கலான ஏற்பாட்டுக்குள்ள குடும்பம் பணத்தையும் உருவுதோன்னு மத்த ஷேர்ஹோல்டர்ஸ் சந்தேகப்பட்டா ஷேர் விலையே அடி வாங்கும்.

அந்த சந்தேகம் தான் உங்க கேஸ்லயும் செக் பண்ண வேண்டியது. கம்பெனிக்கு மேல கம்பெனி, அதுக்கும் மேல வரி இல்லாத நாட்டுல ஒரு ஹோல்டிங் கம்பெனி (மத்த கம்பெனிகளோட ஷேர வச்சிருக்கறதுக்குன்னே இருக்கற கம்பெனி), ராயல்டி, மேனேஜ்மென்ட் ஃபீஸ், வட்டின்னு பணம் மேல ஏறிட்டே இருந்தா வரி மட்டும் இல்ல உங்க லாபமும் சேர்ந்து போகுது.

ஒரு வருஷ நம்பர வச்சு எதுவும் சொல்ல முடியாது, பழைய நஷ்டத்த கழிச்சாலோ புது மெஷின் தேய்மானம் அதிகமா எடுத்தாலோ வரி தானா குறையும். அதனால கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்ல நிஜமா கட்டின வரிய அஞ்சாறு வருஷத்துக்கு கூட்டி, அதே வருஷங்களோட வரிக்கு முந்தின லாபத்தோட ஒப்பிடுங்க. அப்புறம் வருஷக் கணக்கோட வர்ற டாக்ஸ் நோட்ல, அதாவது வரி பத்தின விளக்கக் குறிப்புல, சட்ட விகிதத்துக்கும் இவங்க விகிதத்துக்கும் ஏன் வித்தியாசம்னு ஒரு டேபிள் இருக்கும், அதுல காரணம் தெளிவா இருந்தா சரி, "இதர"ங்கற ஒரே வரில பெரிய தொகை உட்கார்ந்திருந்தா ரிலேட்டட் பார்ட்டி நோட்டையும் (ஓனர் குடும்பம், அவங்க மத்த கம்பெனிகளோட நடந்த கொடுக்கல் வாங்கல்) கன்டிஞ்ஜென்ட் லயபிலிட்டில (பின்னாடி கட்ட வேண்டி வரலாம்ங்கற தொகைகள்) இருக்கற வரி வழக்குகளையும் பக்கத்துல வச்சு படிங்க. அப்பவும் புரியலன்னா வருஷ மீட்டிங்ல ஆடிட் கமிட்டி தலைவர்கிட்ட நேரா கேளுங்க, ஷேர்ஹோல்டரா அது உங்க உரிமை.