நமீபியாவைத் திட்டும் முன்

கேள்வி: வறட்சி என்று காரணம் சொல்லி 2024-இல் 83 யானைகள் உட்பட 723 விலங்குகளைக் கொன்று கறியைப் பங்கு போட முடிவெடுத்தது நமீபியா. வனவிலங்கின் அருமை தெரியாத நாட்டிடம் போய்ச் சிவிங்கிப்புலி வாங்கினோமே, தகுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உலகில் சிவிங்கிப்புலிகள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்று நமீபியா. நாம் நம்முடையவற்றை வேட்டையாடித் தீர்த்துவிட்டு, 1952-இல் அற்றுப்போனதாக அறிவித்தோம். 2022 செப்டம்பரில் அங்கிருந்து எட்டு விலங்குகளைக் கேட்டு வாங்கி வந்தோம். அருமை தெரியாதவர்கள் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

யானை இறந்தால் மனம் வலிக்கும். எனக்கும் வலித்தது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 1990-களின் நடுவில் அங்கே சுமார் 7,500 யானைகள்தான் இருந்தன. இன்று 20,000-க்கும் மேல். அதில் 83 என்பது அரை சதவீதம்கூட இல்லை. பட்டியலில் மிக அதிகம் வரிக்குதிரைகள்தான், 300. மற்றவை மான்கள், எருமைகள், நீர்யானைகள்.

அந்த நாட்டின் நிலத்தைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் பேசவே முடியாது. கடற்கரையை ஒட்டி ஓடும் பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் மூடுபனியைத் தரும், மழையைத் தராது. வால்விஸ் பே துறைமுகத்தில் ஆண்டு மழை 20 மி.மீ.கூடத் தேறாது. வற்றாத ஆறுகள் எல்லாம் எல்லையோரத்தில்தான்: தெற்கே ஆரஞ்சு, வடக்கே குனேனே, ஒகவாங்கோ, ஜாம்பெசி. உள்நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. தலைநகர் விண்ட்ஹூக் 1968-லிருந்தே கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கிக் குடிக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மழை பொய்த்து, 2024 மே மாதம் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். சுமார் 30 லட்சம் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். முதல் கட்டமாக 157 விலங்குகளை வேட்டையாடி, 56 டன்னுக்கு மேல் இறைச்சி கொடுத்தார்கள்.

சரி, வறண்ட நாடு, ஏழை மக்கள், அதனால் கொன்றார்கள் என்று முடித்துவிடலாமா? கூடாது. அந்த மக்கள் ஏன் அந்த நிலத்தில் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

அன்று நமீபியா ஜெர்மனியின் காலனி. 1904 அக்டோபரில் ஜெர்மன் தளபதி லோதர் ஃபான் த்ரோதா, எல்லைக்குள் தென்படும் ஹெரேரோ இனத்தார் எவரையும், ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுடச் சொல்லி ஆணையிட்டார். தப்பியவர்களை ஒமஹெகே பாலைக்குள் விரட்டித் தாகத்தால் சாகவிட்டார்கள். நாமா என்ற இன்னோர் இன மக்களுக்கும் அதே கதிதான். ஷார்க் தீவு கைதி முகாமில் செத்தவர்கள் ஏராளம். ஹெரேரோக்களில் பத்துக்கு எட்டுப் பேர் அழிந்தார்கள் என்பது பரவலான கணக்கு. அவர்களின் மேய்ச்சல் நிலம் வெள்ளையர் பண்ணையானது. 1915-இல் ஜெர்மனியிடமிருந்து நாட்டைப் பிடித்த தென்னாப்பிரிக்கா அந்த அமைப்பையே தொடர்ந்தது. 1990 மார்ச் 21-இல் விடுதலை கிடைத்தது, நிலம் திரும்பவில்லை. 2018-இல்கூட தனியார் பண்ணை நிலத்தில் சுமார் 70 சதவீதம் வெள்ளையர் கையில்தான் இருந்தது. 2021-இல் ஜெர்மனி அன்றைய கொலைகளை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டு, 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. எங்களை உட்கார வைத்துப் பேசாமல் இது என்ன ஒப்பந்தம் என்று ஹெரேரோ, நாமா தலைவர்கள் பலர் நிராகரித்தார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

தென்னாப்பிரிக்க ஆட்சியில் வெள்ளைப் பண்ணையாருக்குத் தன் நிலத்து விலங்குகள்மேல் உரிமை இருந்தது. கறுப்பின மக்களுக்கு இல்லை. 1996-இல் சட்டம் கொண்டுவந்து கிராமங்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தார்கள். இன்று கிராம மக்களே நடத்தும் 80-க்கும் மேற்பட்ட சமூக வனவிலங்குக் காப்பகங்கள், நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில். யானை பெருகியதில் இந்த மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பயிரையும் கிணற்றையும் யானையிடம் பறிகொடுப்பவர்களும் இவர்களேதான்.

விமர்சனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 நவம்பரில் தேர்தல் இருந்தது. கறி பங்கிட்டது ஓட்டுக்காகவா என்று அங்கேயே கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஜெர்மானியர்கள் 1890-களில் மாட்டு நோயைத் தடுக்கப் போட்ட ‘சிவப்புக் கோடு’ இன்றும் வேலியாக நிற்கிறது. அதற்கு வடக்கே இருப்பவர்கள் மாட்டைத் தெற்கே கொண்டுபோய் எளிதில் விற்க முடியாது. வறட்சியில் மாடு செத்துக்கொண்டிருக்கும்போதும் அந்தச் சந்தை திறக்காது. விடுதலை பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வேலி ஏன் இருக்கிறது என்று கேளுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன்.