மூன்று புள்ளி, மூன்று வரிசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல வருடமாகச் சிக்குக் கோலம் போடுகிறேன். புத்தகத்தையோ யூடியூபையோ பார்த்துப் போட்டால் பிசகாமல் வந்துவிடுகிறது. மார்கழிக்குச் சொந்தமாக ஒன்றாவது போடலாம் என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை. புது யோசனை எப்படித்தான் வரும்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உட்கார்ந்து யோசிப்பதை முதலில் விடுங்கள். புதுக் கோலம் முழுசாக மனதில் தோன்றி அப்புறம் கைக்கு இறங்கி வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள், அதனால்தான் ஒன்றும் வரவில்லை. கை ஏதாவது செய்யட்டும், அதில் எது நன்றாயிருக்கிறது என்று கண் பார்த்துக்கொள்ளும். இதை விடியற்காலையில், வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்கும்போது செய்யாதீர்கள். அங்கே கோலம் சரியாக வந்தாக வேண்டும், ஆகையால் தெரிந்ததைத்தான் கை போடும். பிற்பகலில் ஒரு சிலேட்டும் கலர் சாக்பீசும் எடுத்துக்கொண்டு உள்ளே உட்காருங்கள், கெட்டுப்போனால் அழித்துவிடலாம்.

பெரிய கோலமும் வேண்டாம். மூன்று புள்ளி மூன்று வரிசை, நேர்ப்புள்ளி (ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று), அவ்வளவுதான். மேலும் கீழும் பக்கவாட்டிலும் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகட்டும், ஓரத்துக்கு வந்தால் புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்பட்டும். போட்டுப் பார்த்தால் மூன்று தனித்தனி இழைகள், அதாவது தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் கோடுகள், இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுங்கள். இப்போது இரண்டு நிறங்கள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைப் பிடித்து, அந்த வெட்டை அழித்துவிட்டு, இரண்டு கோடும் ஒன்றையொன்று தொடாமல் வளைந்து விலகுகிற மாதிரி மாற்றுங்கள். அந்த இரண்டு இழையும் ஒன்றாகிவிடும்! மிச்சமிருக்கும் மூன்றாவது நிறத்தோடு வெட்டும் இன்னோர் இடத்திலும் அதையே செய்தால் கோலம் முழுவதும் ஒரே இழை.

இதில் மொத்தம் பன்னிரண்டு வெட்டுகள் இருக்கின்றன. எந்த இரண்டை மாற்றுகிறீர்கள், கோட்டைப் படுக்கையாக விலக்குகிறீர்களா செங்குத்தாக விலக்குகிறீர்களா என்பதைப் பொறுத்து உருவம் மாறும். சிலது கோணல்மாணலாக இருக்கும், சிலது நீங்களே எதிர்பார்க்காத அழகோடு வரும். ஒன்பது புள்ளிக்குள் இத்தனை இருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

அடுத்து ஒரு வரிசையை மட்டும் கூட்டி, மூன்று புள்ளி நான்கு வரிசை வையுங்கள். எதையும் மாற்றாமலே ஒரே இழையாக வரும். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு இழை. பள்ளியில் படித்த மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி, இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) நினைவிருக்கிறதா? அந்த இரண்டு எண்ணுக்கும் மீ.பொ.வ. எவ்வளவோ அத்தனை இழை. இதை நான் சொல்வதால் நம்ப வேண்டாம், போட்டுப் பாருங்கள். ஒரே இழையாக இருக்கும் கோலத்தில் ஒரு வெட்டை எடுத்தால், விலக்கும் பக்கத்தைப் பொறுத்து அது ஒன்றாகவே நிற்கும் அல்லது இரண்டாக உடையும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஐந்தாறு மாற்றத்தைச் சேர்த்துச் செய்தால் எதனால் நன்றாக வந்தது என்றே தெரியாது. அழிக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போனதையும்தான். இன்று கெட்டதாகத் தெரிவது வேறொரு நாள் ஒரு பெரிய கோலத்தின் மூலையில் அழகாகப் பொருந்தலாம்.

கேள்வி: ஆராய்ச்சி மாணவன் நான். புதுசாக ஏதாவது செய்து பார்க்கலாம் என்றால், 'விளையாடாதே, வேலையைப் பார்' என்கிறார்கள். விளையாட்டு நேர விரயமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ஆந்த்ரே கெய்ம் என்ற இயற்பியலாளரைப் பற்றிச் சொல்கிறேன். நெதர்லாந்தின் நைமேகனில் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஆய்வகத்தின் சக்திவாய்ந்த மின்காந்தம் முழு பலத்தில் இருக்கும்போது அதற்குள் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். யாரும் செய்யச் சொல்லவில்லை. தண்ணீர் கீழே வழியாமல் உருண்டைகளாக உள்ளேயே மிதந்தது. நீரைக் காந்தம் மிக லேசாக விலக்கும், காந்தம் பலமாக இருந்தால் எடையைத் தாங்க அதுவே போதும். அப்புறம் 1997இல் ஓர் உயிருள்ள தவளையையே மிதக்க வைத்துக் காட்டினார்கள்.

பிறகு மான்செஸ்டரில் கெய்மும் அவருடைய சக ஆய்வாளர் நோவோசெலவும் சேர்ந்து கிராஃபைட்டை ஒட்டும் டேப்பால் உரித்து உரித்து, ஒற்றை அணு அளவே தடிமனுள்ள கிராஃபீன் என்ற கரிப்படலத்தைப் பிரித்தெடுத்தார்கள். கிராஃபைட்டின் மேற்பரப்பைச் சுத்தம் செய்ய மற்றவர்களும் டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள், ஆனால் உரித்த டேப்பைக் குப்பையில் போட்டார்கள். அதில் ஒட்டியிருந்ததை எடுத்துப் பார்த்தவர்கள் இவர்கள். 2004இல் வெளியிட்டார்கள், 2010இல் நோபல் கிடைத்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. சுமார் பதினைந்து ஆண்டுகளில் இப்படி ஏறத்தாழ இரண்டு டஜன் விளையாட்டுச் சோதனைகள் செய்ததாகவும், பெரும்பாலானவை தோற்றதாகவும், மூன்றுதான் தேறியதாகவும் கெய்மே தன் நோபல் உரையில் சொல்லியிருக்கிறார். அவர் மற்ற நேரமெல்லாம் வழக்கமான ஆராய்ச்சியைத்தான் செய்தார். ஆகவே உங்கள் வழிகாட்டி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது: எல்லா நாளும் விளையாட முடியாது. வாரத்தில் ஒரு மாலையைக் கேட்டு வாங்குங்கள். அதையும் தர மறுத்தால், உங்கள் சொந்த நேரத்தில் செய்யுங்கள், ஆனால் கைவிடாதீர்கள்.

கேள்வி: வேறொருவர் கோலத்தில் கொஞ்சம் மாற்றினால் அது என் சொந்தமாகுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வெறும் நிறத்தை மட்டும் மாற்றினால் ஆகாது. அந்தக் கோலம் எந்த விதியில் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அந்த விதியை மாற்றினால் ஆகும். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலங்களை இலக்கண விதிகளாக, அதாவது எதற்குப் பதில் எது வரலாம் என்று சொல்லும் விதிகளாக, எழுதிக் காட்டினார்கள். கொஞ்சம் விதிகள்தான், ஆனால் அவற்றிலிருந்து கோலங்கள் வந்துகொண்டே இருக்கும். நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததைக் கணினி அறிவியல் மதித்து உட்கார்ந்து படித்தது என்பதில் எனக்குப் பெருமை. நீங்கள் யார் கோலத்திலிருந்து தொடங்கினீர்களோ அவர் பெயரை நோட்டில் கோலத்துக்குக் கீழே எழுதிவையுங்கள், எதை மாற்றினீர்கள் என்பதையும்.