அதி உயர் ஆற்றல் காஸ்மிக் கதிர்கள் எங்கே உருவாகின்றன? கேள்வி பதில்

கேள்வி: அதி உயர் ஆற்றல் என்றால் எவ்வளவு?

பதில்: காஸ்மிக் கதிர்கள் என்பவை விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் துகள்கள். 1991 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரே ஒரு துகளிடம் சுமார் 50 ஜூல் இருந்தது. ஐரோப்பாவின் எல்எச்சி என்ற ராட்சதத் துகள் முடுக்கியில் ஓடும் புரோட்டானைவிட 4 கோடி மடங்குக்கும் மேல்!

கேள்வி: வந்த திசையை வைத்தே ஊற்றைக் கண்டுபிடிக்கலாமே?

பதில்: சிக்கலே அங்கேதான். இவை மின்னேற்றம் உள்ள அணுக்கருக்கள், நம் பால்வழியின் காந்தப்புலமே இவற்றின் பாதையை வளைத்துவிடும். கரு கனமாக இருந்தால் வளைவும் அதிகம்; அர்ஜென்டினாவின் பியர் ஓஜே ஆய்வகத் தரவுகளோ, ஆற்றல் கூடக்கூட கருக்களும் கனமாவதைக் காட்டுகின்றன.

கேள்வி: அப்புறம் எதை வைத்து நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறக்கும் கேலக்ஸிகளை ஊற்று என்று சந்தேகிக்கிறார்கள்?

பதில்: பொறுமையாக எண்ணிக்கை சேர்த்துத்தான். உச்ச ஆற்றலில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு நூற்றாண்டில் ஒரு துகள்கூட விழாது என்பதால், ஓஜே குழுவினர் 3000 சதுர கிலோமீட்டரில் துகள்களைப் பதிவு செய்யும் 1600-க்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகளைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். இந்தத் துகள்கள் பால்வழிக்கு வெளியிலிருந்து வருகின்றன என்று 2017-இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு, 39 எக்ஸா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு (சுமார் 6 ஜூல்) மேற்பட்ட துகள்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் ஏறக்குறைய 10% என்ஜிசி 4945, என்ஜிசி 253, எம்83 போன்ற அருகிலுள்ள இத்தகைய கேலக்ஸிகளைச் சுற்றிக் குவிவதுபோல் தெரிந்தது. இது தற்செயல் அல்ல என்பதற்கான உறுதியை அளக்கும் சிக்மா கணக்கில் 4. வலுவான தடயம்தான், ஆனால் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 வேண்டும்.

கேள்வி: ஏன் அருகிலுள்ளவை மட்டும்?

பதில்: பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலை ஒளியோடு மோதி மோதி ஆற்றலை இழந்துவிடும் என்பதால், வெகு தொலைவிலிருந்து வருபவை இந்த ஆற்றலோடு நம்மை வந்து சேராது. 1966-லேயே இயற்பியலாளர் கிரைசனும், தனியாக சாட்செபின், குஸ்மின் இருவரும் கணித்தது இது.

கேள்வி: இதே வகையைச் சேர்ந்த, அருகிலுள்ள எம்82 கேலக்ஸியை விட்டுவிட்டீர்களே?

பதில்: அது வடக்கு வானில் வெகு தூரம் தள்ளி இருக்கிறது, ஓஜேவின் பார்வைக்கு எட்டாது. யூட்டாவின் டெலஸ்கோப் அரே ஆய்வகம்தான் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறது.

கேள்வி: சரி, அந்த கேலக்ஸிகளில் துகளை முடுக்குவது எது?

பதில்: அங்கே பெரிய நட்சத்திரங்கள் ஏராளமாகப் பிறந்து சீக்கிரமே வெடிக்கின்றன, அந்த வெடிப்புகளெல்லாம் சேர்ந்து வாயுவை ஒரு பெருங்காற்றாக வெளியே தள்ளுகின்றன. அந்தக் காற்றே முடுக்குகிறது என்பது ஒரு கருத்து. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான வேகம் இதற்குப் போதாது. காமா கதிர் வெடிப்பு, காந்த விண்மீன் (மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) மாதிரி பெரிய நட்சத்திரங்களின் சாவோடு வரும் நிகழ்வுகள் மேல்தான் என் சந்தேகம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: என்ஜிசி 4945-க்குப் பக்கத்திலேயே, ராட்சதக் கருந்துளையும் அதிலிருந்து பீய்ச்சியடிக்கும் ஜெட்டும் கொண்ட சென்டாரஸ் ஏ கேலக்ஸி இருக்கிறது. பாதை வளைவதால் வரும் திசை இவ்வளவு மங்கலாகத் தெரியும்போது இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இப்போது தொட்டிகளின் மேல் சின்டிலேட்டர்களும் (துகள் பட்டால் ஒளிரும் கருவிகள்) ரேடியோ ஆன்டெனாக்களும் பொருத்தியிருக்கிறார்கள். கனம் குறைந்த, அதிகம் வளையாத துகள்களை மட்டும் தனியே பிரித்து எடுத்துவிட்டால் வரைபடம் தெளியும்.